500 ரூபாயில் ஒரு மாலைப் பொழுது

மாதத்துக்கு ஒரு தடவையாவது கணவனும் மனைவியுமாக எங்கேயாவது வெளியே போய்வர வேண்டும் என்று எல்லோரும் புத்திமதி சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்! வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், பால், மளிகை, மாமனாரின் மருந்து என்று எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, 20-ம் தேதிக்கு மேல் பர்ஸைத் திறந்து பார்க்கிறவள் நீங்கள்தானே? அதில் உல்லாசப் பிரயாணத்துக்கு இடம் எங்கே இருக்கிறது?

இருக்கிறது, சகோதரி. சென்னையில் இருப்பவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு முழு மாலைப் பொழுது இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகம், பிறகு ஒரு சிற்றுண்டி விடுதியில் இரவு ஆகாரம். அவ்வளவுதான் திட்டம்.

"அட, செத்த காலேஜா!" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்துக்கு வைத்திருந்த பெயர் அது. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். பட்டணம் பார்க்க வந்த கிராமத்து ஜனங்கள் இந்த இரண்டு காலேஜ்களையும் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் தோட்டத்தில்தான். 1851-ல் அருங்காட்சியகத்தை நடத்த ஆரம்பித்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர், 1855-ல் அந்த வளாகத்திலேயே பிராணிகளை வைத்து மக்களுக்குக் காட்டினார். பிறகு அவை சென்ட்ரல் பக்கம் குடிபோய், 1985-ல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. சிலைகள் மட்டும் எழும்பூரிலேயே தங்கிவிட்டன.

நாம் போவது அந்தச் சிலைகளைப் பார்க்கத்தான்.

முதலில் கணக்கு

மாதச் சம்பளம் வந்த அன்றே 500 ரூபாயை ஒரு கவரில் போட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னாலோ புடவைகளுக்கு அடியிலோ வைத்துவிடுங்கள். 'மிஞ்சினால் போகலாம்' என்று நினைத்தால் எந்த மாதமும் மிஞ்சாது. அது உங்களுக்கே தெரியும்.

கவரை இப்படிப் பங்கிடலாம். பிரயாணத்துக்கு 60 ரூபாய். நுழைவுச் சீட்டுக்கு 50. நடுவில் ஒரு காப்பிக்கு 40. இரவுச் சிற்றுண்டிக்கு 250. வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்கோ அம்மாவுக்கோ ஒரு இனிப்புப் பொட்டலத்துக்கு 50. தலைக்குப் பூ வாங்க 50. மொத்தம் 500. இது ஒதுக்கீடுதான், ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றில் சேர்த்துக்கொள்ளலாம். உள்நாட்டுப் பார்வையாளர்களுக்கு நுழைவுக் கட்டணம் சொற்பந்தான். வாசல் பலகையில் எழுதியிருக்கும். புகைப்படக் கருவிக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள், பணமும் மிச்சம், கண்ணும் சிலை மேலேயே இருக்கும்.

பிரயாணத்தில்தான் நமக்கு நிஜமான லாபம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ஓடும் மின்சார ரயில் எழும்பூரில் நிற்கிறது. மெட்ரோ ரயிலும் அங்கே நிற்கிறது. ஆனால் கட்டணம் கூடுதல். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போனால் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. அவர் காசு கொடுத்துச் சீட்டு வாங்க, நீங்கள் ராணி மாதிரி ஜன்னலோரம் உட்காரலாம். இந்த ஒரு காட்சிக்காகவே பேருந்தில் போகலாம்!

நாள் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் மாலை 5 மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். ஆகவே சனி, ஞாயிறுகளில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, 3 மணிக்குள் வாசலில் இருக்கும்படி கிளம்புங்கள். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்குக் கால் மணி நேர நடைதான். வெயில் கடுமையாக இருந்தால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குடை போதும்!

"சாமி சிலைதானே?"

உங்கள் கணவர் இந்த இடத்தில் ஒரு ஆட்சேபணை கிளப்புவார்.

"சாமி சிலை பார்க்க அங்கே எதுக்குப் போகணும்? தெருக்கோடியிலே கோயில் இருக்கே!"

"என்னங்க, கோயில்லே சாமிக்கு அலங்காரம் பண்ணியிருக்காங்க. முகமும் பாதமும்தான் நமக்குத் தெரியும். மத்ததைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேளுங்கள்.

அதுதான் விஷயம். உற்சவ மூர்த்திகள் பட்டும் பூவும் நகையுமாகத்தான் நமக்குத் தரிசனம் தருகின்றன. பீடத்தில் துவாரங்களோ வளையங்களோ இருக்கும். தோளில் தூக்கிப் போகும் கழிகளைக் கோத்துக் கட்டுவதற்காக அவை. சிற்பி உடலில் செதுக்கிய இடுப்பு வளைவும், ஆடை மடிப்பும், முதுகில் புரளும் கேசமும் திரைக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தில்தான் சோழர் காலத்துச் சிற்பி செய்ததைச் செய்தபடியே பார்க்கிறோம். சுற்றி வர முடிகிற இடத்தில் அவசியம் சுற்றிப் போய்ப் பின்புறத்தையும் பாருங்கள்.

இவை எப்படி இங்கே வந்தன என்று அவர் கேட்கலாம். ஆபத்துக் காலங்களில் பல ஊர்களில் உற்சவ மூர்த்திகளை மண்ணுக்குள் பத்திரமாகப் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்களும் போய், இடமும் மறந்துபோய், நூற்றாண்டுகள் கழித்து வேறு எதற்கோ தோண்டும்போது அகப்பட்டவை பல. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டத்தின்படி அப்படிக் கிடைத்தவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன.

கொழுக்கட்டை தெரிந்தவளுக்குச் சிலை தெரியும்

கலை என்றால் படித்தவர்கள் சமாசாரம், நமக்கு என்ன தெரியும் என்று பின்வாங்காதீர்கள். இந்தக் கூடத்தில் அவரைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

சிலை வார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள், நகை நட்டு உட்பட. அதன் மேல் களிமண்ணைக் கொழுக்கட்டைச் சொப்பு மாதிரி பூசி மூடிக் காய வைப்பார்கள். பிறகு நெருப்பில் காட்டினால் உள்ளே இருக்கிற மெழுகு உருகி, விட்டிருக்கிற துவாரத்தின் வழியாக ஓடிவிடும். பூரணம் போய்விட்டது, சொப்பு மட்டும் நிற்கிறது. அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு களிமண்ணை உடைத்து எடுப்பார்கள். ஐம்பொன் என்று சொன்னாலும் பெரும் பங்கு செம்புதான். அச்சு உடைந்துவிடுகிறபடியால் அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் இந்த மெழுகு முறையில் சிலை செய்கிறார்கள்.

அடுத்து, ஆடை ஆபரணம். ஒட்டியாணத்தின் பூட்டு எங்கே இருக்கிறது, வங்கி தோளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, ஆடையின் கொசுவம் எந்தப் பக்கம் விழுகிறது, இவையெல்லாம் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும். அம்மன் சிலைகளின் வலது கையைக் கவனியுங்கள். விரல்களை எதையோ பிடித்திருப்பது போல மடித்து வைத்திருக்கும். ஒரு புதுப் பூவைச் செருகுவதற்கான இடம் அது. இடது கை தளர்ந்து பக்கத்தில் தொங்கும். பசுவின் வாலைப் போல என்று சிற்ப சாஸ்திரம் அறிந்தவர்கள் உவமை சொல்வார்கள். இதையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல, "இது உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று அவர் கேட்பார். கேட்கட்டும், சந்தோஷமாயிருக்கும்.

தவறவிடக் கூடாத நான்கு

எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்ப்பது என்று கங்கணம் கட்டிக்கொள்ளாதீர்கள். கால் வலிதான் மிஞ்சும். நான்கே நான்கு போதும்.

முதலாவது, திருவாலங்காட்டு நடராஜர். பாரிஸ் நகரத்துச் சிற்பி ரோடின் இந்த மூர்த்தியை நேரில் கண்டதே கிடையாது. புகைப்படங்களைப் பார்த்தே மனத்தைப் பறிகொடுத்து, 1913-ல் இதைப் பற்றி எழுதினார். 1921-ல் அது அச்சில் வந்தது. ரோடின் பார்க்கக் கொடுத்து வைக்காததை நாம் மின்சார ரயிலில் வந்து பார்க்கிறோம்! தூக்கிய காலை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஊன்றிய காலைப் பாருங்கள். முழங்கால் மடங்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதுதான் தாங்குகிறது. குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டல்லவா?

இரண்டாவது, வடக்குப்பனையூர் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். ராமர் கையில் வில் இல்லை. ஆனால் கையை வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் வில் இருப்பதாகவே தோன்றும். அருகே சிறிய உருவில் பணிவே வடிவாக அனுமன்.

மூன்றாவது, அமராவதிக் கல்லில் ஒன்று. இதற்கு வேறு கூடத்துக்குப் போக வேண்டும். கிருஷ்ணா நதிக் கரையில், ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கத்தில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபியின் சலவைக்கல் போன்ற சுண்ணாம்புக் கற்கள் இவை. ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; ஒரு பகுதி இங்கே. வட்டமான கல் ஒன்றில் நளகிரி என்ற மதயானையின் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வருகிறது. முதலில் தெருவில் எல்லோரையும் துவம்சம் செய்துகொண்டு ஓடுகிறது. அடுத்து புத்தருக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறது. மேல்மாடிச் சாளரங்களிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களைக் கவனியுங்கள். தெருவில் ரகளை என்றால் நாம் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற அதே பாவனைதான். சுமார் 1,800 வருஷங்களாக மாறவில்லை!

நான்காவதைக் கடைசியில் பாருங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வலப் பாதி ஈசன், இடப் பாதி உமை. கைகளை எண்ணிப் பாருங்கள், மூன்றுதான் இருக்கும். ஐயன் பக்கம் இரண்டு, அம்மை பக்கம் ஒன்று. சிற்பி கணக்குத் தப்பிவிட்டானா? இல்லை. ஐயனின் ஒரு கை, பக்கத்தில் நிற்கும் ரிஷபத்தின் மேல் சாய்ந்திருக்கிற பாவனையில் மடங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்து இடுப்பு நேராகவும் கெட்டியாகவும் நிற்கிறது. அம்மை பக்கத்து இடுப்பு நளினமாக வளைகிறது. இரண்டு பாதிகளும் ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்றை மற்றொன்றுக்குச் சரியாக வெட்டித் தைக்கவும் இல்லை. இருந்தும் உடம்பு ஒன்றுதான், நிற்பதும் ஒருவர்தான். இதன் முன்னால் ஐந்து நிமிஷமாவது பேசாமல் நில்லுங்கள். கல்யாணமான ஜோடிக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

வெளியே வரும்போது வளாகத்தில் இளஞ்சிவப்புக் கல்லால் கட்டிய கட்டிடம் ஒன்று கண்ணைப் பறிக்கும். விக்டோரியா ராணியின் ஞாபகார்த்தமாக ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1909-ல் திறக்கப்பட்டது. முகலாய அரண்மனை ஒன்றைப் பட்டணத்தில் கொண்டுவந்து வைத்தாற்போல் இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-ல், பிரதமர் நேரு அதைத் தேசியக் கலைக்கூடமாகத் திறந்து வைத்தார். அதன் வாசலில் நின்று முகப்பைப் பார்ப்பதற்குக் காசு இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை

இந்த உலாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆளுக்கு ஒரு சிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை உள்ளே சொல்லக் கூடாது. இரவு ஆகாரத்தின்போதுதான் சொல்ல வேண்டும், காரணத்தோடு. கேட்கிறவர் குறுக்கே பேசக் கூடாது, "இதுகூடவா உனக்குப் பிடிச்சது?" என்று முகம் சுளிக்கவும் கூடாது.

விளையாட்டாகத் தோன்றுகிறதா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "இன்றைக்கு என்ன சமையல்?" என்று உங்களை எல்லோரும் கேட்கிறார்கள். "என் சாக்ஸ் எங்கே?" என்று கேட்கிறார்கள். "உனக்கு எது பிடித்திருக்கிறது, ஏன் பிடித்திருக்கிறது?" என்று கடைசியாக உங்களை யார் கேட்டது? எப்போது கேட்டது? பெண் பார்க்க வந்த அன்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவரையும் நினைத்துப் பாருங்கள். "சம்பளம் வந்துவிட்டதா, ஃபீஸ் கட்டியாயிற்றா?" என்பதைத் தவிர அவரிடம்தான் யார் என்ன கேட்கிறார்கள்? வாயைத் திறந்தால் செலவு, மூடினால் மௌனம் என்று வருஷங்கள் ஓடிவிடுகின்றன. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் அறியாமல் போவதற்குச் சண்டை வேண்டியதில்லை, இது போதும்.

சினிமாவுக்குப் போனால் இருட்டில் இரண்டரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பேசினால் பின்வரிசைக்காரர் கோபிப்பார். கடைத்தெருவுக்குப் போனால் பேச்சு முழுவதும் விலையைப் பற்றியே. சிலைக்கு விலைச் சீட்டு கிடையாது. வாங்கவும் முடியாது. ஆகவே, 'பிடித்திருக்கிறதா, இல்லையா' என்ற ஒன்றைத் தவிர அங்கே பேசுவதற்கு எதுவும் இல்லை. இந்த உலாவின் மகிமையே அதில்தான் இருக்கிறது.

கைப்பேசிகள் இரண்டையும் ஓசையை நிறுத்தி உங்கள் கைப்பையில் போட்டுவிடுங்கள். குழந்தைகளைப் பற்றி ஏதாவது அவசரமென்றால் பாட்டி கூப்பிடட்டும், மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் போதும்.

பிறகு, சிற்றுண்டி

5 மணிக்கு வெளியே வந்து ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு, பாந்தியன் சாலையில் மெல்ல நடக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை! அந்தச் சாலையில்தான் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. நடைபாதை ஓரத்தில் மலிவான துணி விற்கிற கடைகளும் வரிசையாக உண்டு. பார்க்கலாம், விலை கேட்கலாம். ஆனால் கவரில் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்பது ஞாபகத்தில் இருக்கட்டும். "அடுத்த மாசம் வாங்கலாம்" என்று நீங்களே சொல்லிவிட்டால் அவர் முகத்தில் தோன்றுகிற நிம்மதியும் ஒரு சிற்பம்தான்.

ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலைப் பக்கம் பிரயாணிகளை நம்பியே நடக்கிற சைவச் சிற்றுண்டி விடுதிகள் இருக்கின்றன. ஆறரை மணிக்குள் போய்விட்டால் கூட்டம் இராது, அவசரப்படுத்த மாட்டார்கள். உள்ளே நுழையுமுன் விலைப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். குளிர்சாதன அறைக்குத் தனி விலை வாங்குகிற விடுதிகள் உண்டு. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் அதே தோசை குறைந்த விலைக்கு வரும்.

என்ன வாங்குவது? வீட்டில் தினம் செய்வதை வாங்காதீர்கள். இட்லிக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்டில் செய்தால் உங்களை அடுப்படியிலேயே நிற்க வைக்கிற பண்டமாகப் பார்த்து வாங்குங்கள். ரவா தோசை அப்படிப்பட்டது. ஒவ்வொன்றாக ஊற்றி முறுகும் வரை காத்திருக்க வேண்டும்; மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் செய்கிறவளின் முறை வரும். அதை இன்னொருவர் வார்த்து, சூடாக உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கட்டும். அவருக்கு ஒரு பூரி கிழங்கு. இரண்டையும் நடுவில் வைத்துப் பாதிப் பாதி. கடைசியில் காப்பி 'ஒன் பை டூ'. சர்வர் மனசுக்குள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தோசை வருவதற்கு எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம்தான் நம்முடைய நிபந்தனைக்கு நேரம். "நீ எதை எடுத்தே?" என்று அவர் கேட்பார். வெட்கப்படாமல் சொல்லுங்கள். நடராஜரைச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்திருப்பார். நீங்கள் வட்டக் கல்லில் யானையை எட்டிப் பார்க்கிற உருவத்தைச் சொல்லலாம். நீங்கள் அர்த்தநாரியை எதிர்பார்த்திருப்பீர்கள். அவர், வில் இல்லாமல் நிற்கிற ராமரைச் சொல்லலாம். "ஏன்?" என்று கேளுங்கள். ஆபீஸைப் பற்றி இதுவரை சொல்லாத ஏதோ ஒன்று அந்தப் பதிலோடு சேர்ந்து வெளியே வந்தாலும் வரும். வந்தால், தோசை ஆறினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூர் வாசகிகளுக்கு

"நாங்கள் சென்னையில் இல்லையே" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அரண்மனைக் கலைக்கூடம் இருக்கிறது. அங்கே திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர் கோலத்தில் ஈசன் உமையின் கையைப் பிடித்திருக்கிறார். அம்மை நாணித் தலை குனிந்திருக்கிறாள். திருமாலும் லட்சுமியும் உடனிருந்து கல்யாணத்தை நடத்திவைக்கிறார்கள். கல்யாண நாளுக்குப் போய்வர அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? புதுக்கோட்டையிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் அலுத்துவிட்டால், அடுத்த தடவைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல் கே. சி. எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த கலைஞர்களும் அமைத்தது. படம் விற்றுப் பிழைப்பது கஷ்டமாயிருந்த காலத்தில், பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். சிக்கனத்தின் அருமை தெரிந்த குடும்பத்துக்கு அந்தக் கதையே ஒரு தெம்பு.

கவரை எடுத்து வைத்துவிட்டீர்களா? அதன் மேல் 'மருந்துச் செலவு' என்று எழுதிவிடுங்கள். யாரும் தொட மாட்டார்கள். ஒரு விதத்தில் அது நிஜமும்கூட!